அரண்டவன் கண்ணும் ஆளில்லாத அறையும்: சின்னப் பேய்ப்படம் ஏன் பயமுறுத்துகிறது?

பேய்ப்படம் முடிந்து வெளியே வருகிறவர்களின் பேச்சில் பெரும்பாலும் இரண்டே தீர்ப்புதான். "கிராஃபிக்ஸ் மட்டம், பேயைப் பார்த்தா சிரிப்புதான் வருது" என்பது ஒன்று. "சும்மா சவுண்டை ஏத்தி ஏத்தி பயமுறுத்துறாங்க" என்பது இன்னொன்று. முதல் கட்சிக்குப் பயம் பேயின் மேக்கப்பில் இருக்கிறது, இரண்டாவது கட்சிக்கு ஸ்பீக்கரில் இருக்கிறது. இரண்டில் எது உண்மையானாலும், காசு அதிகம் போட்ட படம்தான் அதிகம் பயமுறுத்த வேண்டும். ஆனால் அப்படி நடப்பதில்லை.

'பாராநார்மல் ஆக்டிவிட்டி' என்ற அமெரிக்கப் படத்தை எடுத்த ஓரன் பெலி அதற்கு முன் படமே எடுத்ததில்லை. வீடியோ கேம்களுக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தவர். சான் டியேகோ நகரில் தன் சொந்த வீட்டையே படப்பிடிப்புத் தளமாக்கி, வீட்டு விசேஷங்களைப் படம் பிடிக்கும் வகைக் கேமராவில், சுமார் 15,000 டாலரில், ஒரே வாரத்தில் எடுத்து முடித்தார். ஒரு ஜோடி, ஒரு படுக்கையறை, எதிரே முக்காலியில் ஒரு கேமரா. பேய் கடைசி வரை கண்ணுக்குத் தெரியாது, பின்னணி இசையும் கிடையாது. 2007இல் ஒரு விழாவில் திரையிடப்பட்ட அந்தப் படம் 2009இல் திரையரங்குகளுக்கு வந்து, உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

"படம் சுமார்தான், ஆனா ராத்திரி பாத்ரூம் போகவே பயமா இருந்துச்சு" என்று சிலர் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்வார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று அவர்களுக்குத் தோன்றுகிறது. முரண் எதுவும் இல்லை. படத்தின் தரத்தை எடைபோடுகிற புத்தி வேறு, பயப்படுகிற உடம்பு வேறு. இந்தக் கட்டுரை உடம்பைப் பற்றியது.

ஒரே டம்ளர், ஒரே சத்தம்

பகல் பதினோரு மணி. வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். சமையலறையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் விழுகிறது. "யாரு, என்னத்தத் தள்ளிவிட்டே?" என்று இருந்த இடத்திலிருந்தே ஒரு குரல் கொடுப்போம், அவ்வளவுதான்.

அதே டம்ளர், அதே சமையலறை. இரவு ஒரு மணிக்குக் கரண்ட் போய்விட்டது, ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை, வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும். இப்போது டம்ளர் விழுகிறது. சத்தத்தின் அளவு ஒரு துளிகூடக் கூடவில்லை. ஆனால் இதயம் தொண்டைக்கு வந்துவிடும். எழுந்து போய்ப் பார்ப்பதா, போர்வையை இழுத்து மூடிக்கொள்வதா என்று ஒரு நொடி யோசிப்போம். பூனை என்று தெரிந்த பிறகும் தூக்கம் வர நேரமாகும்.

டம்ளரில் மாற்றமில்லை. அது விழுவதற்கு முன்பே உங்கள் உடம்பு வேறு நிலைக்குப் போயிருந்தது. கரண்ட் போன அந்த நிமிடத்திலேயே காது கூர்மையாகிவிட்டது. கடிகார முள் நகர்வதுகூடக் கேட்க ஆரம்பித்துவிட்டது. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்ற பழமொழியைச் சொன்னவர்களுக்கு இந்த வரிசை நன்றாகத் தெரிந்திருக்கிறது. முதலில் அரள வேண்டும், பேய் அதற்குப் பிறகுதான் வரும். காசில்லாத பேய்ப்படம் செய்வது இவ்வளவுதான்: கரண்டைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும். டம்ளரை எப்போது தள்ளுவது என்பது இரண்டாவது கேள்வி.

திடுக்கிடுவது வேறு, பயப்படுவது வேறு

இந்த விஷயத்தில் குழப்பம் அதிகம். திடுக்கிடல் என்பது திடீர்ச் சத்தத்துக்கோ அசைவுக்கோ உடம்பு தானாகக் காட்டுகிற அனிச்சைச் செயல். கண் இமை மூடும், தோள் மேலே ஏறும், தலை உள்ளே இழுக்கும். மூளையின் அடித்தண்டுப் பகுதியே இதை முடித்துவிடும். இமை மூடுவது ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு விநாடிக்குள் நடந்துவிடும். என்ன சத்தம், எங்கிருந்து வந்தது என்று யோசனை தொடங்குவதற்கு முன்பே காரியம் முடிந்திருக்கும். படத்தில் இதை வேண்டுமென்றே உண்டாக்குகிற இடத்தைத்தான் ஜம்ப் ஸ்கேர் என்கிறார்கள்.

பதற்றம் அப்படியல்ல. எங்கோ ஏதோ சரியில்லை, ஆனால் என்னவென்று தெரியவில்லை என்ற நிலை அது. நிமிடக் கணக்கில், சிலருக்கு இரவுக் கணக்கில் நீளும். எதிரே நாய் பாய்ந்து வந்தால் வருவது அச்சம். நாய் இருக்கிற தெரு என்று கேள்விப்பட்டு நடக்கும்போது இருப்பது பதற்றம். பேய்ப்படத்தின் நேரத்தில் பெரும்பகுதி பதற்றத்தில்தான் ஓடுகிறது. திடுக்கிடல் நடுநடுவே வந்து போகும்.

இரண்டுக்கும் உள்ள தொடர்பைச் சோதனைக்கூடத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஏற்கனவே பதற்றத்தில் இருப்பவருக்கு அதே சத்தத்தைக் கேட்கவைத்தால் திடுக்கிடல் பெரிதாகிறது. 1997இல் வெளியான ஆய்வு ஒன்று, வெறுமனே இருட்டில் உட்காரவைத்தாலே மனிதர்களின் திடுக்கிடல் கூடுகிறது என்று காட்டியது. இதில் வேடிக்கை, எலிகளுக்கு இது நேர்மாறு. இரவில் நடமாடும் பிராணி என்பதால், நல்ல வெளிச்சத்தில் வைத்தால்தான் எலியின் திடுக்கிடல் கூடும். எலிகளுக்கென்று யாராவது பேய்ப்படம் எடுத்தால் டியூப்லைட்டைப் போட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சத்தத்தை மட்டும் நம்புகிற படங்கள் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. திடுக்கிடலுக்கு உடம்பு சீக்கிரம் பழகிப்போகும். ஐந்தாவது முறை கதவு படாரென்று சாத்தும்போது கை பாப்கார்னை விட்டு நகராது. அதனால் சத்தத்தை இன்னும் ஏற்றுவார்கள், அதற்கும் பழகிப்போகும். அந்த ஓட்டத்தில் ஸ்பீக்கர்தான் தோற்கும்.

இதுவரை சொன்னதன் சாரம்: திடுக்கிடல் கண நேரத்து அனிச்சை, பதற்றம் நீடிக்கும் நிலை. பதற்றம் முன்பே இருந்தால் சின்னச் சத்தமும் பெரிய அடியாக விழும்.

நியூயார்க்கில் ஒரு பேருந்து

1942இல் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் வால் லூட்டன் என்ற தயாரிப்பாளர், 'கேட் பீப்பிள்' என்ற படத்தை ஒன்றரை லட்சம் டாலருக்கும் குறைவாக முடித்தார். ஹாலிவுட் கணக்கில் அது அன்றைக்கே சொற்பம். செட் போடக் காசில்லாமல், வேறொரு பெரிய படத்துக்காகக் கட்டியிருந்த மாடிப்படி செட்டையே பயன்படுத்திக்கொண்டார்கள். கதைப்படி ஒருத்தி சிறுத்தையாக மாறுவாள். மாறுவதைக் காட்ட வழியில்லை.

என்ன செய்தார்கள்? இரவு நேரம், பூங்காவை ஒட்டிய சாலையில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள். பின்னால் இன்னொருத்தியின் செருப்புச் சத்தம். விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வருகின்றன. திடீரென்று பின்னால் வந்த செருப்புச் சத்தம் நின்றுவிடுகிறது. இசை இல்லை. அவள் நடை ஓட்டமாகிறது. அப்போது சீறலோடு ஏதோ ஒன்று திரைக்குள் பாய்கிறது. அது பேருந்து. ஏர் பிரேக் சத்தம்தான் சீறல்.

அதற்குப் பிறகு இந்த உத்திக்கே 'லூட்டன் பேருந்து' என்று பெயர் நிலைத்துவிட்டது. இன்று பூனை குறுக்கே பாய்கிற, நண்பன் பின்னாலிருந்து தோளைத் தொடுகிற எல்லாக் காட்சிக்கும் தாத்தா அதுதான். பேரப்பிள்ளைகள் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அதற்கு முந்தைய நடையை விட்டுவிட்டார்கள் என்பது என் குறை. அந்தக் காட்சியில் நம்மை உலுக்குவது பேருந்து என்றாலும், உலுக்கலுக்கு நம்மைத் தயார்செய்தது நின்றுபோன செருப்புச் சத்தம். கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றதற்குக் காரணம் கேட்டு மூளை நச்சரிக்கும். அதற்குப் பதில் தராமல் இழுத்ததற்கு லூட்டனுக்கு ஒரு பைசா செலவில்லை.

பயமே தெரியாத ஒரு பெண்

நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, மூளையின் ஆழத்தில் இருபுறமும் பாதாம் பருப்பு அளவில் ஒரு நரம்புத் தொகுதி இருக்கிறது. அதன் பெயர் அமிக்டாலா. கண்ணும் காதும் அனுப்பும் செய்தியில் ஆபத்து இருக்கிறதா என்று சலித்துப் பார்ப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. சந்தேகம் வந்தால் போதும், உறுதிக்குக் காத்திராமல் இதயத்தையும் மூச்சையும் வேர்வையையும் கிளப்பிவிடும். 'இது வெறும் படம்' என்று மூளையின் முன்பகுதி எடுத்துச் சொல்லும்தான். அது சொல்லி முடிப்பதற்குள் உள்ளங்கை ஈரமாகியிருக்கும்.

இது எந்த அளவுக்கு உண்மை என்பதை அமெரிக்காவில் ஒரு பெண் மூலம் அறிந்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் 'எஸ்.எம்.' என்ற எழுத்துகளால் மட்டுமே குறிக்கப்படுபவர் அவர். அரிய மரபணு நோயால் அவருக்கு இரண்டு பக்க அமிக்டாலாவும் சேதமாகிவிட்டன. 2011இல் வெளியான ஆய்வுக்காக அவரைக் கென்டக்கி மாநிலத்தில் வேவர்லி ஹில்ஸ் என்ற பழைய காசநோய் மருத்துவமனைக்கு அழைத்துப்போனார்கள். ஹாலோவீன் சமயத்தில் அதைப் பேய் வீடாக மாற்றி, வேஷம் போட்ட ஆட்களை இருட்டில் ஒளித்துவைத்து டிக்கெட் போட்டுக் காட்டுவார்கள். கூட வந்த பெண்கள் அலற, எஸ்.எம். முன்னால் நடந்து மற்றவர்களை வழிநடத்தினார். பாய்ந்து வந்த ஒரு 'பேயின்' தலையை ஆர்வத்தில் விரலால் குத்த, பயந்தது பேய் வேஷம் போட்டவர்தான். திகில் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டியபோதும் பயம் வரவில்லை. ஆனால் அவருக்குச் சலிப்பும் இல்லை, சுவாரசியமாகப் பார்த்தார்.

கதை அத்தோடு முடியவில்லை. இரண்டு ஆண்டு கழித்து வெளியான சோதனையில், கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கவைத்தபோது, அதே எஸ்.எம். பீதியில் துடித்துவிட்டார். அப்படியானால் வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு மணி, மூச்சு முட்டுவது போன்ற உள் ஆபத்துக்கு வேறு மணி என்று உடம்பில் ஒன்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கை மணிகள் இருக்கின்றன. சினிமா அடிக்கப் பார்ப்பது முதல் மணியை.

அந்த மணியை அடிக்கச் சினிமாவுக்குப் பேய் தேவையில்லை, சந்தேகம் போதும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

முக்கோணத்துக்கும் கெட்ட எண்ணம் உண்டு

1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு குட்டி அசைபடம் தயாரித்தார்கள். அதில் இருப்பது ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், திறந்து மூடும் கதவுள்ள ஒரு செவ்வகம். முகமில்லை, குரலில்லை. கோடுகள் நகர்கின்றன, அவ்வளவுதான். பார்த்த 34 மாணவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் 'முக்கோணம் செவ்வகத்துக்குள் நுழைந்தது' என்ற ரீதியில் வடிவங்களை வடிவங்களாகவே எழுதினார். மற்றவர்களுக்கெல்லாம் அது ஒரு கதை. பெரிய முக்கோணம் முரடன். வட்டம் ஒரு பெண், பயந்துபோய் வீட்டுக்குள் ஒளிகிறாள். முரடன் உள்ளே புகுந்து கதவைச் சாத்தி அவளை மூலைக்குத் தள்ளுகிறான்.

உலகத்தின் மிக மலிவான வீட்டுப் பேய்ப்படம் அதுதான் என்பேன். தானாக நகர்கிற எதையும் 'யாரோ செய்கிறார்கள்' என்று எடுத்துக்கொள்வது நம் மூளையின் இயல்பு. புதரில் சலசலப்பு கேட்டால் காற்று என்று நினைத்து ஏமாறுவதைவிடப் புலி என்று நினைத்து ஓடுவது லாபம் என்பதால் இந்த இயல்பு நிலைத்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கதவு மூன்று அங்குலம் நகர்ந்து நின்றால் போதும், நகர்த்தியது யார் என்பதைப் பார்ப்பவரின் மூளை தானே நிரப்பிக்கொள்ளும். ரப்பர் முகமூடியைக் காட்டினால் எல்லோருக்கும் ஒரே முகமூடி. காட்டாமல் விட்டால், ஒருவருக்குச் செத்துப்போன பாட்டி, இன்னொருவருக்கு முகமே இல்லாத எதுவோ. ஆளுக்கு ஏற்றபடி பேய் தைத்துத் தரும் வசதி எந்த கிராஃபிக்ஸ் கம்பெனிக்கும் இல்லை.

ஏன் வீடு?

காட்டிலோ கல்லறையிலோ எது இயல்பு, எது இயல்பில்லை என்று நமக்குத் தெரியாது. படுக்கையறை எல்லோருக்கும் தெரியும். அங்கே என்ன நடக்கக் கூடாது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனவே மிகச் சின்ன மாற்றமும் உறைக்கிறது. அரண்மனையில் சிலை உருண்டு விழுந்தால்கூட அலங்காரமாகத் தெரியும். வாடகை வீட்டில் மேசைமேல் வைத்த சாவிக்கொத்து காலையில் தரையில் கிடந்தால் வயிற்றைப் பிசையும்.

'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யில் அந்தப் படுக்கையறை ஷாட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கேமரா கட்டிலின் கால்மாட்டில் நிற்கிறது, அசையாது. திரையின் வலது பாதியில் இருவர் தூங்குகிறார்கள். இடது பக்கம் திறந்த கதவு, அதற்கு அப்பால் இருண்ட நடைவழி. கீழே ஓரத்தில் மணி, நிமிடம், விநாடி ஓடுகிறது. வழக்கமான படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்று எடிட்டிங் நமக்குச் சொல்லிவிடும். முகத்துக்கு குளோசப், கைக்கு குளோசப், பிறகு கதவு. இங்கே யாரும் சொல்லவில்லை. கண் கதவுக்கும் கட்டிலுக்கும் போர்வைக்கும் மாறி மாறி ஓடுகிறது. படம் பார்க்க வந்தவர் இரவுக் காவல்காரர் ஆகிவிடுகிறார்.

நீல இருட்டில் அரை நிமிடம் எதுவும் நடக்காது. பிறகு கதவு கொஞ்சம் தானாக அசைந்து, வந்த இடத்துக்கே திரும்பும். வேறு எந்தப் படத்திலாவது கதவு இப்படி அசைந்திருந்தால் யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். இங்கே தியேட்டரில் மூச்சுச் சத்தம் கேட்கும்.

அந்தக் கடிகாரம் செய்கிற வேலை இன்னும் நுட்பமானது. தூங்குகிற மணிநேரங்களை படம் வேகமாக ஓட்டிக் காட்டும். எண்கள் பறக்கும், தூங்குகிறவர்கள் படபடவென்று புரள்வார்கள். திடீரென்று எண்கள் சாதாரண வேகத்துக்கு வந்துவிடும். முதல் தடவை அதற்கு அர்த்தமில்லை. இரண்டு மூன்று இரவு போனதும், வேகம் குறைந்தால் ஏதோ வரப்போகிறது என்று உடம்பு கற்றுக்கொண்டுவிடும். பி.எட். படித்தவர்களிடம் 'ஆக்கநிலையுறுத்தல்' என்று சொன்னால் பாவ்லோவின் நாய் சட்டென்று நினைவுக்கு வரும்; சோற்றோடு சேர்ந்தே வந்த ஒலி, பிறகு சோறில்லாமலும் நாய்க்கு எச்சில் ஊறவைத்தது. இங்கே அந்த ஒலியின் இடத்தில் மூலையில் ஓடும் எண். அதன் பிறகு பயமுறுத்த எதையும் செய்யாமலே பயமுறுத்தலாம், எண்ணை மெதுவாக்கினால் போதும்.

2011இல் வந்த மூன்றாம் பாகத்தில் இதையே இன்னொரு படி கொண்டுபோனார்கள். கதாநாயகன் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்து, இடம் வலம் திரும்பும் அதன் அடிப்பாகத்தில் கேமராவைப் பொருத்துகிறான். கேமரா ஹாலைக் காட்டும், மெதுவாகச் சமையலறைக்குத் திரும்பும், மறுபடி ஹால். அதன் வேகத்தை யாரும் மாற்ற முடியாது. ஹாலில் எதையோ அரைகுறையாகப் பார்த்த நொடியில் கேமரா சாவகாசமாகச் சமையலறைப் பக்கம் திரும்பத் தொடங்கிவிடும். "திரும்பு, திரும்பித் தொலை" என்று மனம் அடித்துக்கொள்ளும். திரும்பி வரும்போது என்ன இருக்கும் என்ற பயமும் கூடவே. பல கோடிக்கு கிரேன் வைத்து எடுத்த திகில் காட்சி பலவற்றைவிட அந்த ஃபேன் எனக்கு உசத்தி.

இந்தப் பகுதியில் வந்தது இரண்டு: இயல்பு எது என்று நமக்கு அத்துப்படியான இடம், கண்ணைத் தேடவிட்டு, நேரத்தை மட்டும் தன் கையில் வைத்துக்கொள்கிற கேமரா.

ஒரு நாவல், இரண்டு படம்

காட்டுவதற்கும் காட்டாமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு ஒன்று இருக்கிறது. ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய பேய் வீட்டு நாவல் ஒன்றை 1963இல் ராபர்ட் வைஸ் 'தி ஹாண்டிங்' என்று கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்த அதே வைஸ்தான். இளமையில் வால் லூட்டனிடம் படம் இயக்கியவர், அந்தப் பள்ளிக்கூடம் அவரை விடவில்லை.

படத்தில் பேய் ஒரு ஃபிரேமில்கூட இல்லை. ஒரு காட்சியில் மூடிய கதவு மறுபக்கத்திலிருந்து மூச்சு விடுவதுபோல் உப்புகிறது. பல அடுக்காக ஒட்டிய மரக் கதவைப் பின்னாலிருந்து ஆள் வைத்துத் தள்ளியதுதான் மொத்த 'எஃபெக்ட்'. வீட்டின் சுவர்கள் லேசாகக் கோணலாகத் தெரிய வேண்டும் என்று, பனாவிஷன் நிறுவனம் இன்னும் முழுமையாக்காத ஓர் அகலக்கோண லென்ஸை வைஸ் கேட்டார். அதில் குறையிருக்கிறது என்று தெரிந்தே வாங்குகிறேன் என எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். அவருக்கு வேண்டியதே அந்தக் குறைதான்.

இன்னொரு காட்சி. இருட்டில் கதாநாயகி எலினார் படுத்திருக்கிறாள். சுவருக்கு அப்பால் ஓர் ஆணின் முணுமுணுப்பு, ஒரு குழந்தையின் அழுகை. பயத்தில் தோழி தியோவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். அந்தக் கை அவள் கையை வலிக்கிற அளவுக்கு இறுக்குகிறது. பொறுக்க முடியாமல் கத்துகிறாள், விளக்கு எரிகிறது. தியோ அறையின் மறுபக்கத்தில் படுத்திருக்கிறாள். இத்தனை நேரம் பிடித்துக்கொண்டிருந்தது யார் கையை?

1999இல் அதே நாவலை சுமார் 8 கோடி டாலரில் மறுபடி எடுத்தார்கள். அதில் மரச்சிற்பங்கள் தலையைத் திருப்பும், படுக்கை விரிப்பில் முகம் எழும், கடைசியில் பேய் கூரை உயரத்துக்கு நிற்கும். வசூலில் அது தோற்கவில்லை. ஆனால் அந்த ஆண்டின் மோசமான படங்களுக்கான ராஸி விருதுகளில் ஐந்து பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. கையைக் காட்டிவிட்டால் அது வெறும் கை. விரலை எண்ணலாம், கிராஃபிக்ஸில் குறை சொல்லலாம்.

சத்தம் என்றால் உரத்த சத்தம் அல்ல

நம் ஊரில் பேய்ப்படத்தின் ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, என்றாலே வயலினைக் கீறுவதும் டிரம்மை இடிப்பதும் என்று ஆகிவிட்டது. ஆனால் அந்தக் கீறலுக்கும் ஒரு காரணம் உண்டு. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் டேனியல் ப்ளூம்ஸ்டீன் என்ற உயிரியலாளர், மார்மொட் எனப்படும் பெரிய மலை அணில்களின் அபாயக் குரலை ஆராய்ந்துவருபவர். தொண்டை தாங்கும் அளவுக்கு மேல் குரல் கிளம்பும்போது அது பிசிறடித்து, உடைந்து, கரகரக்கும். குட்டியின் அலறல் கேட்ட தாய் அதை அலட்சியப்படுத்த முடியாது. ப்ளூம்ஸ்டீனும் கூட்டாளிகளும் நூற்றுக்கு மேற்பட்ட படங்களின் ஒலிப்பதிவுகளை அலசி 2010இல் வெளியிட்ட ஆய்வு, திகில் படங்களின் ஒலியில் இப்படிப்பட்ட பிசிறுகள் அதிகம் என்று கண்டது. இசையமைப்பாளர்கள் உயிரியல் படித்துவிட்டுச் செய்யவில்லை; காதுக்குத் தெரிந்திருக்கிறது.

சின்னப் படம் இதற்கு எதிர்த்திசையிலும் போகலாம். மௌனத்தை நீட்டி, அதன் அடியில் ஒரு தாழ்ந்த ரீங்காரத்தை மட்டும் ஓடவிடலாம். ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம்போல அது இருப்பதே தெரியாது. மாடியில் யாரோ நடக்கிற சத்தத்தைக் கேட்கவைக்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஆளின் காலடியை இசைக்கலைஞர் யாரும் இல்லாமல் ஒரு ஜோடி ஷூவும் மரப்பலகையும் கொண்டு செய்துவிட முடியும். தொழிலில் அதற்கு ஃபோலி என்று பெயர்.

பொய்யென்று தெரிந்தும்

"எல்லாம் நடிப்புதானே, இதுக்குப் போயா பயப்படுவாங்க?" என்று கேட்கிறவர்களுக்குத் தமிழிலேயே ஒரு நல்ல பதில் உண்டு. 2012இல் வந்த கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா'. இன்னும் பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள், முடிச்சை அவிழ்க்கப்போகிறேன்.

பீட்சா டெலிவரி செய்யப் போன விஜய் சேதுபதி ஒரு பங்களாவில் மாட்டிக்கொள்கிறார். கரண்ட் இல்லை. கையில் இருக்கிற டார்ச் எங்கே காட்டுகிறதோ அது மட்டும்தான் நமக்கும் தெரியும். திரையின் மீதி முழுக்க இருட்டு. நீண்ட நேரம் ஒரே ஆள், ஒரே வீடு. தியேட்டரே இருக்கையின் நுனியில் உட்கார்ந்து பார்த்த பகுதி அது. கடைசியில் தெரியவருகிறது, அந்தப் பங்களாப் பேய்க்கதை முழுவதும் அவர் முதலாளியிடம் விட்ட டூப்பு.

அதாவது, படத்துக்குள்ளேயே பேய் பொய். நாம் பயந்தது பொய்க்குள் இருந்த இன்னொரு பொய்க்கு. இரண்டாவது தடவை, முடிச்சு தெரிந்தே பார்த்தாலும், டார்ச் படிக்கட்டுப் பக்கம் திரும்பும்போது தோள் இறுகத்தான் செய்கிறது. நம்பிக்கை புத்தியின் வேலை. டார்ச் வட்டத்துக்கு வெளியே இருட்டு இருக்கிறது என்ற தகவலே உடம்புக்குப் போதும்.

காசில்லை என்பதே தகுதியாகிவிடாது

'பாராநார்மல் ஆக்டிவிட்டி' எடுத்த பெலியின் வெற்றிக்குப் பிறகு முக்காலியும் மட்டமான கேமராவுமாகப் படங்கள் வரிசைகட்டின. பெரும்பாலானவை கொட்டாவி. எதுவும் நடக்காத அரை நிமிடம் வேலைசெய்ய வேண்டுமென்றால், அதற்கு முன் வீட்டின் அமைப்பு பார்ப்பவருக்கு மனப்பாடமாகியிருக்க வேண்டும். கதவு எங்கே, நடை எங்கே, யார் எந்தப் பக்கம் படுப்பார் என்பது உட்பட. அந்த ஆட்கள்மேல் கொஞ்சமாவது அக்கறை வந்திருக்க வேண்டும். அது இல்லாத வெறும் காத்திருப்பு, ரேஷன் கடை வரிசையில் நிற்பது மாதிரி.

கட்டுப்பாடு படைப்பாளியைச் சிந்திக்கவைக்கும் என்பதெல்லாம் ஓரளவுக்குத்தான். கையில் காசிருந்தும் கேமராவை அசைக்காமல் வைக்கலாம். காசிருந்தால் கை சும்மா இருக்காது, அதுதான் பிரச்சினை.

வீட்டில் பார்க்கிறவர்களுக்கு

மத்தியானம் பஸ்ஸில் போகும்போது ஃபோனில் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்வளவு பில்டப்பு?" என்று எழுதுகிறவர்கள் மேல் கோபம் வேண்டாம். ஐந்து அங்குலத் திரையில் இருண்ட நடை வெறும் கறுப்புப் பட்டை. கதவின் அசைவு தெரியாது. தாழ்ந்த ரீங்காரம் ஃபோன் ஸ்பீக்கரில் வரவே வராது. சுற்றிலும் ஆட்களும் வெளிச்சமும் இருப்பதால் பதற்றமும் சேராது. விளக்கை அணைத்து, பெரிய திரையில், நல்ல ஹெட்ஃபோன் போட்டு, நடுவில் நிறுத்தாமல் பாருங்கள். குறிப்பாக நிறுத்தக் கூடாது. 'பாஸ்' பொத்தான் உங்கள் கையில் இருந்தால் நேரம் படத்தின் கையில் இல்லை.

டென்மார்க்கில் ஆர்ஹூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பேய் வீட்டுக்கு வந்தவர்களின் இதயத்துடிப்பை அளந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைவாகப் பயந்தவர்களும் மிக அதிகமாகப் பயந்தவர்களும் அவ்வளவாக ரசிக்கவில்லை, நடுவில் இருந்தவர்களே ரசித்தார்கள் என்று கண்டார்கள். அந்த நடு அளவு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் நண்பருக்குச் சிரிப்பு வந்த படத்தில் உங்களுக்குத் தூக்கம் போனால், உங்கள் மணி கொஞ்சம் லேசில் அடிக்கிற மணி, அவ்வளவுதான்.

குழந்தைகள் விஷயம் மட்டும் வேறு. பிசாசு முகத்தைவிட இந்த வகை வீட்டுப் படம் அவர்களை அதிக நாள் தொந்தரவு செய்யக்கூடும். முகமூடிப் பேய் டிவியிலேயே தங்கிவிடும். திறந்த கதவும் இருண்ட நடையும் அவர்கள் வீட்டிலும் இருக்கின்றன. பார்த்துவிட்டுப் பயந்த பிள்ளையிடம் "அதெல்லாம் பொய்டா" என்று சொல்வது பெரும்பாலும் எடுபடாது, புத்திக்கு ஏற்கனவே தெரியும். கதவைச் சாத்திவிட்டு, நடையில் ஒரு நைட்லேம்ப்பைப் போட்டுவிடுங்கள்.